காயிலுக்கு உதாரணம் நான்

தீவுகளுக்குப் புதிதாக இயற்பியல் ஆசிரியர்களாக வந்திருக்கும் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். ஓய்வு பெற்றவனிடம் மைக்கைக் கொடுத்தால் தன் பெருமையைத்தான் பேசுவான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் முடிந்துவிடும்.

என் பெருமை கரும்பலகை. கலர் சாக்பீஸில் நான் வரையும் படங்களைப் பார்த்தால் பாடப்புத்தகமே வெட்கப்படும் என்று நம்பியிருந்தேன். எனக்கு அடுத்த பீரியடில் வரும் கெமிஸ்ட்ரி டீச்சர் என் படத்தை அழிக்காமல், பலகையின் ஓரத்தில் இண்டு இடுக்கில் எழுதிக்கொள்வார். அது என் கலைக்குக் கிடைத்த மரியாதை என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். டஸ்டரை நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவதுதான் காரணம் என்று அவர் மாற்றலாகிப் போகும்போது சொன்னார்.

பெருமை முடிந்தது. இனி நடந்த கதை.

கொரோனா வந்தபோது நான் கார் நிக்கோபாரில் பிளஸ் டூ வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். முன்பல் ஒன்று வலிக்கிறது என்று லீவு போட்டுவிட்டுக் கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்தேன். என் வீடும் மனைவியும் அங்கேதான். பல்லைப் பிடுங்கினார்கள். செயற்கைப் பல் கட்ட அடுத்த வாரம் வாருங்கள் என்றார் டாக்டர். அடுத்த வாரம் கிளினிக்கும் மூடியிருந்தது, பயணிகள் கப்பலும் நின்றுவிட்டது, பள்ளிக்கூடமும் பூட்டிவிட்டார்கள். பல் இல்லாமல், பலகை இல்லாமல், மாணவர்கள் இல்லாமல் ஒரு இயற்பியல் ஆசிரியர் கப்பல்கள் வந்துபோகும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு மேலே மேட்டில் இருக்கும் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

மெயின்லேண்டில் எல்லோரும் வீடியோவில் பாடம் நடத்துகிறார்கள் என்று டிவியில் காட்டினார்கள். கார் நிக்கோபாரில் அப்போதிருந்த நெட்டில் வீடியோவைத் திறந்தால் என் முகம் தெரிவதற்குள் மாணவர்களுக்கு வயதாகிவிடும். கடைசியில் வழி கண்டுபிடித்தது ஆன்சி. அவள் அப்பா கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், கார் நிக்கோபாரில் மின்சாரத் துறையில் லைன்மேன். அவரிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. அதிலிருந்து ஆன்சி முதலில் என்னைக் கூப்பிடுவாள், பிறகு விக்னேஷை, பிறகு மார்த்தாவைச் சேர்த்துக்கொள்வாள். கான்ஃபரன்ஸ் கால். விக்னேஷ் அங்கே கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன். மார்த்தா நிக்கோபாரிப் பெண், அதிகம் பேசமாட்டாள். சயின்ஸ் எடுத்திருந்தது அந்த மூன்று பேர்தான். வகுப்பில் பேச்செல்லாம் நம் தீவு ஹிந்தியும் தமிழும் கலந்து ஓடும். தமிழர்களோடு படித்துப் படித்து மார்த்தாவுக்கும் தமிழ் நன்றாகவே வரும்.

குரலை மட்டும் வைத்துக்கொண்டு இயற்பியல் நடத்திப் பார்த்திருக்கிறீர்களா? வலது கை விதியைப் போனில் சொல்லித் தந்த அன்று நடந்தது இது.

"வலது கையை நீட்டுங்க. கட்டைவிரல் மேல பாக்கணும்."

"மேலன்னா எது சார்?" என்றான் விக்னேஷ்.

"மேலன்னா மேலதான்ப்பா! கூரை!"

"கூரைக்கு நீட்டினா கை வளைய மாட்டேங்குது சார்."

அரை மணி நேரம் போனது. அவன் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பாடம் கேட்கிறான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இதில் எனக்கு ஒரு பழக்கம் வேறு உண்டு. எதை விளக்கி முடித்தாலும், "அவ்வளவுதான் விஷயம். ரொம்ப சிம்பிள்!" என்பேன். பல் போன பிறகு அந்த 'சி'யில் ஒரு விசிலும் சேர்ந்துகொண்டது. பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "எஸ் சார்" என்று மூன்று குரல்கள் வரும். நான் திருப்தியாக டீ குடிக்கப் போவேன்.

லென்ஸ் என்ற விஞ்ஞானியின் விதியை நடத்திய நாள் வந்தது. நீங்கள் எல்லோரும் படித்ததுதான். ஒரு கம்பிச் சுருளுக்குள், அதாவது காயிலுக்குள், காந்தத்தைக் கொண்டுபோனால் சுருளில் கரண்ட் உண்டாகும். அந்த கரண்ட் எந்தத் திசையில் ஓடும் என்பதைச் சொல்வது லென்ஸ் விதி. பலகையில் என்றால் நாலு கலரில் அமர்க்களப்படுத்தியிருப்பேன். போனில், வடதுருவம், தென்துருவம், கடிகாரச் சுற்று, எதிர்ச் சுற்று என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "ரொம்ப சிம்பிள்! புரிஞ்சுதா?" என்றேன்.

"எஸ் சார்."

போனை அழுத்தி மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். துண்டித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். டீயை வாயருகே கொண்டுபோனேன். மேஜை பேசியது.

"போயிட்டாரா?" விக்னேஷின் குரல்.

"போயிட்டாரு. டொக்குன்னு சத்தம் கேட்டுச்சுல்லா," என்றாள் ஆன்சி.

"'ரொம்ப ஸ்ஸிம்பிள்ப்பா! அவ்வளவுதான் விஷயம்!'"

விசில் உட்பட அப்படியே நான். அவனுக்கு முன்பல் எல்லாம் இருக்கிறதே, எப்படிச் செய்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மார்த்தா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சிம்பிள்னு சொன்னாலே எனக்கு பயம்," என்றாள் மார்த்தா. "குச் நஹி சமஜா. ஒண்ணுமே புரியல."

"பின்ன நீ ஏன் எஸ் சார்னு சொன்னா?" என்றாள் ஆன்சி.

"பாவம்ல? அங்க தனியா உக்காந்து கத்திட்டு இருக்காரு. புரியலன்னு சொன்னா மறுபடி அதையேதான் சொல்லுவாரு. கொஞ்சம் சத்தமா சொல்லுவாரு. பஸ், அவ்வளவுதான்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. போனை எடுத்துத் துண்டிக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. கை போகவில்லை. பல வருடங்களாக வாத்தியாராக இருந்தவனுக்கு, தன் வகுப்பு தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று கேட்கும் வாய்ப்பு முதன்முதலாக வந்திருக்கிறது. பெருந்தன்மை அந்த நேரம் பார்த்து வெளியே போயிருந்தது.

அப்போதுதான் மார்த்தா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் பரீட்சை எழுதல ஆன்சி. அன்னைக்கு காய்ச்சல்னு சொல்லிடுவேன். அப்புறம் ஆர்ட்ஸ் எடுத்து பதினொண்ணாவதுல இருந்து ஆரம்பிக்கிறேன். அப்பாகிட்ட பேசிட்டேன்."

"லூசா நீ? இவ்வளவு படிச்சுட்டு?"

"எங்க படிச்சேன்? எஸ் சார் மட்டும்தான் சொன்னேன்."

டம்ளரை வைத்துவிட்டேன். சத்தம் வராமல்.

"இரு, இரு," என்றாள் ஆன்சி. "நான் சொல்லுதேன், கேளு. காயிலுன்னா என்னன்னு நெனைக்கா? காயிலுன்னா நம்ம சார்."

"சாரா?"

"ஆமா. நீ மேக்னட். நீ கிளாஸுக்குள்ள வாறா. சார் என்ன சொல்லுவாரு?"

"'எதுக்கு இப்ப வர்றே?'"

"அதான். உள்ள வராதன்னு தள்ளுவாரு. சரின்னு நீ திரும்பிப் போறா. இப்ப என்ன சொல்லுவாரு?"

"'எங்க போறே? இங்க வா!'"

"அவ்வளவுதாம்டி லென்ஸ் விதி! வந்தா தள்ளும், போனா இழுக்கும். நீ எதைச் செஞ்சாலும் அதுக்கு எதிராச் செய்யும். அதுக்கு எந்தப் பக்கம் கரண்ட் ஓடணுமோ அந்தப் பக்கம் ஓடும்."

நண்பர்களே, நான் நாலு கலர் சாக்பீஸில் சொல்லி வந்ததை அவள் என்னை ஒரே ஒரு தடவை அவமானப்படுத்திச் சொல்லி முடித்துவிட்டாள். விளக்கம் முழுக்கச் சரி. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. எடுத்துக்காட்டாக விளங்கும் ஆசிரியர் என்று சொல்வார்களே, அப்படி ஆகிவிட்டேன் பாருங்கள்.

கர்வம் நீடிக்கவில்லை. மார்த்தா ஒரு கேள்வி கேட்டாள். என் வகுப்பில் அவள் கேள்வியே கேட்டதில்லை.

"மேக்னட் உள்ள போய் சும்மா நின்னா? வரவும் இல்ல, போகவும் இல்ல. அப்ப?"

ஆன்சி யோசித்தாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சும்மா நின்றால் கரண்ட் கிடையாது. மாற்றம் இருந்தால்தான் கரண்ட். இந்தப் பாடத்தின் உயிரே அதுதான்.

"சும்மா நின்னா..." என்று இழுத்தாள் ஆன்சி. "நாம சும்மா உக்காந்திருந்தா சார் சும்மா இருப்பாரா?"

"எங்க இருப்பாரு? 'ஏன் இப்படி உக்காந்திருக்கே, நேரா உக்காரு'ன்னு கத்திக்கிட்டேதான் இருப்பாரு," என்றான் விக்னேஷ்.

"அப்ப கரண்ட் வந்துக்கிட்டேதான் இருக்கும்," என்று தீர்ப்புச் சொன்னாள் ஆன்சி.

"அச்சா!" என்றாள் மார்த்தா. அந்தக் குரலில் அப்படி ஒரு வெளிச்சம். "அப் சமஜ் மே ஆயா! இப்ப புரிஞ்சுடுச்சு!"

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த வருடத்தில் முதன்முதலாக ஒன்று புரிந்திருக்கிறது, அது தப்பு. தப்புக்குக் காரணம் என் சுபாவம். வாயைத் திறந்தால் ஒட்டுக் கேட்டது தெரிந்துவிடும். அதோடு காய்ச்சல் விஷயமும் என் காதில் விழுந்தது தெரிந்துவிடும். இனி இவர்கள் இப்படிப் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பு அப்படியே அவள் மனதில் குடியேறிவிடும்.

முடிவெடுக்கும் வேலையை ஒரு சரக்குக் கப்பல் எடுத்துக்கொண்டது. ஜெட்டியிலிருந்து கிளம்பும் கப்பல், என் ஜன்னலுக்கு நேர் கீழே நீளமாக ஹாரன் அடித்தது.

"யார் வீட்லடா கப்பல்?" என்றான் விக்னேஷ் மெதுவாக.

"நம்ம ஊருக்குக் கப்பல் வந்தே நாளாச்சே," என்றாள் ஆன்சி. பிறகு, இன்னும் மெதுவாக, "சார்?"

நெருக்கடியில் நிதானமாக முடிவெடுப்பது எப்படி என்று சொல்லித் தரத்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனைத் துண்டித்துவிட்டு, அதன்மேல் ஒரு தலையணையைப் போட்டு அமுக்கினேன்.

மனைவி காய்கறிப் பையோடு வந்தாள். தலையணையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். பல் விசில் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், காய்ச்சல் வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"பிள்ளைங்க பேசுறதை ஒட்டுக் கேட்டீங்களா? நல்லா இருக்குங்க!"

"தானா கேட்டுச்சு."

"முதல் வார்த்தை தானா கேட்டுச்சு. மிச்சம்?"

அவளே தொடர்ந்தாள். "அந்தப் பொண்ணு காய்ச்சல்னு சொன்னது உங்ககிட்ட இல்ல. அதை நீங்க எடுத்துப் பேசினீங்கன்னா, பரீட்சை மட்டுமில்ல, உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டா."

சாயங்காலம் பிரின்சிபல் போன் செய்தார். அவர் கார் நிக்கோபாரில்தான் இருந்தார். "உங்க சப்ஜெக்ட்ல மூணு பேரும் எழுதுறாங்கள்ல? யாராவது டவுட்டா இருந்தா சொல்லுங்க, வீட்டுக்கே போய்ப் பேசிடுறேன்." நல்ல மனிதர், சொன்னதைச் செய்கிறவர். அவரிடம் சொல்லியிருந்தால் அன்று மாலையே மார்த்தாவின் வீட்டு முற்றத்தில் போய் நின்றிருப்பார், அவள் அப்பா முன்னால் அறிவுரை நடந்திருக்கும். சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது. என் பாரம் இறங்கிவிடும். ஆனால் அவள் தன் தோழியிடம் ரகசியமாகச் சொன்னதை நான் பிரின்சிபல் வாயால் அவள் வீட்டில் சொல்ல வைக்கிறேன் என்று நினைத்தபோது கூசியது.

"மூணு பேரும் எழுதுவாங்க சார்," என்றேன். என் சர்வீஸில் இவ்வளவு ஆதாரமில்லாமல் எதையும் நான் சொன்னதில்லை.

ஆன்சிக்குப் போன் போட்டேன். அவள் அப்பா எடுத்தார். "பிள்ளைக்குத் தலைவலி சார், படுத்திருக்கா." விக்னேஷ் எடுக்கவில்லை. மார்த்தாவுக்குப் போடத் தைரியம் வரவில்லை.

மறுநாள் வகுப்பு நேரத்தில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. ஆன்சிதான். ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். யாரும் குட்மார்னிங் சொல்லவில்லை.

"நேத்து பேசினதுல ஒரு திருத்தம் இருக்கு," என்றேன். "காந்தம் சும்மா நின்னா காயிலும் சும்மா இருக்கும். கரண்ட் வராது. சும்மா இருக்கத் தெரியாதது உங்க சார் மட்டும்தான். அந்த ஒரு இடத்துல உதாரணம் ஒத்துவரல ஆன்சி. மத்ததெல்லாம் ரொம்ப சரி."

விக்னேஷ் மூக்கால் சிரித்தான். அடக்கிப் பார்த்து, முடியாமல், ஆன்சியும் சேர்ந்துகொண்டாள்.

"சாரி சார்," என்றான் விக்னேஷ். "விசில்..."

"நல்லாவே பண்றே. இனிமே பாடத்தை ஆன்சி சொல்லட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன். யாராவது 'சார்'னு கூப்பிட்டாத்தான் பேசுவேன். ஆனா லைன்லதான் இருப்பேன். இந்தத் தடவை சொல்லிட்டுக் கேக்கறேன்."

மார்த்தாவின் காய்ச்சலைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் பேசவில்லை.

அந்த நாட்களைப் போல நான் எப்போதும் கஷ்டப்பட்டதில்லை. ஆன்சி ஒரு வரியைச் சுற்றி வளைப்பாள். எனக்கு நாக்கு துடிக்கும். வாயில் ஒரு கிராம்பைப் போட்டு அடக்கிக்கொள்வேன். பல வருடங்களாக ஐந்து நிமிடத்தில் முடித்த பகுதிக்கு அவர்கள் மூன்று பேரும் முழு வகுப்பு எடுத்துக்கொண்டார்கள். சண்டை போட்டார்கள். தப்பான வழியில் வெகுதூரம் போய், தாங்களாகவே திரும்பி வந்தார்கள். சிலபஸ் கையைவிட்டுப் போகிறது என்று எனக்கு உள்ளே மணி அடிக்கும். யாரும் 'சார்' என்று கூப்பிடமாட்டார்கள்.

ஒருநாள் ஒளியியல் பாடத்தில், இரண்டு கண்ணாடி லென்ஸ்களை ஒட்டி வைத்தால் என்ன ஆகும் என்ற இடத்தில் மூவரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் கழித்து ஒரு குரல் வந்தது.

"சார், ஹோ?"

இருக்கிறீர்களா என்று கேட்டது மார்த்தா. கிராம்பைத் துப்புவதற்குள் புரையேறிவிட்டது. இருமி முடித்து விளக்கினேன். "நஹி சமஜா சார்," என்றாள். இன்னொரு விதமாக விளக்கினேன். "இதுவும் புரியல." மூன்றாவது விதம் என்னிடம் இல்லை. அப்போதே உட்கார்ந்து யோசித்து ஒன்று உண்டாக்க வேண்டியிருந்தது. 'எஸ் சார்' என்று கேட்டுக் கேட்டு நான் எவ்வளவு சோம்பேறியாகிவிட்டேன் என்று அன்றுதான் தெரிந்தது.

உங்களுக்கு என்னிடமிருந்து ஏதாவது அறிவுரை வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 'புரிஞ்சுதா' என்று கேட்காதீர்கள். அது நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொள்ளும் கேள்வி. பிள்ளைகளுக்கு நம்மேல் இரக்கம் அதிகம்.

கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதும் முதல் கப்பலிலேயே கார் நிக்கோபார் போய்ச் சேர்ந்தேன். சில வாரங்கள் பள்ளி நடந்தது. பிறகு பள்ளியே நடத்திய இயற்பியல் பரீட்சை. அன்று காலையில் நான் பள்ளி வாசலுக்குப் போகவில்லை. போனால் மார்த்தா வருகிறாளா என்று பார்க்கத்தான் போயிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். லேபில் இருந்த லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன. ஹால் சூப்பர்வைசர் கதவருகே தலையை நீட்டி, "உங்க மூணு பேரும் வந்தாச்சு சாப்," என்றபோது ஒரு லென்ஸைக் கீழே போட்டேன். உடைந்துவிட்டது.

முடிந்து வெளியே வந்ததும் விக்னேஷும் ஆன்சியும் சந்தோஷமாகக் கையாட்டிவிட்டு ஓடினார்கள். மார்த்தா மட்டும் கேள்வித்தாளை நீட்டியபடி என்னிடம் வந்தாள். வாசலில் அவள் அப்பா ஸ்கூட்டரோடு நின்றிருந்தார்.

"இதுக்கு பாதிதான் எழுதினேன் சார்."

பார்த்தேன். மின்தேக்கியை பாட்டரியிலிருந்து கழற்றிவிட்டு, அதன் இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடிப் பலகையைச் செருகினால் அதிலுள்ள ஆற்றல் கூடுமா, குறையுமா?

"குறையும்," என்றேன். "ஃபார்முலாவுலயே இருக்கே."

"குறையும்னு எழுதிட்டேன். எங்க போச்சுன்னுதான் தெரியல. பாட்டரி இல்ல. கம்பி இல்ல. அப்ப அது எங்க சார் போச்சு?"

வாயைத் திறந்தேன். 'சிம்பிள்' என்ற வார்த்தை பாதி வந்துவிட்டது. விழுங்கினேன். எத்தனையோ வகுப்புகளுக்கு அந்த ஃபார்முலாவைக் கலர் சாக்பீஸில் எழுதியிருக்கிறேன். எங்கே போனது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"எனக்கும் தெரியலம்மா," என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. வராந்தாப் படியில் உட்கார்ந்து, கேள்வித்தாளின் பின்பக்கத்தில் இரண்டு தகடுகளையும் நடுவில் பாதி நுழைந்த கண்ணாடிப் பலகையையும் வரைந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூடாகிப் போயிருக்கும் என்றேன். எதனால் சூடாகும் என்று கேட்டாள். அதை விட்டுவிட்டு, பலகையை உள்ளே தள்ளும் வேலைக்குச் செலவாகியிருக்கும் என்றேன். தள்ளினால் நாம்தானே ஆற்றல் கொடுக்கிறோம், அப்போது கூடத்தானே வேண்டும் என்றாள். அதுவும் சரி. வாசலிலிருந்து அவள் அப்பா அவர்கள் பாஷையில் ஏதோ சத்தம் கொடுத்தார். அந்தப் பரீட்சை முடிந்துவிட்டது, விடைத்தாளைக் கட்டி வைத்துவிட்டார்கள், இனி இந்தக் கேள்விக்கு ஒரு மார்க்கும் கிடையாது. நான் அதைச் சொல்லவில்லை.

மார்த்தாவின் பேனா பலகையின் ஓரத்தில் நின்றது.

"தள்ளவே வேணாம்னா சார்? தகடுங்களே அதை உள்ள இழுத்துக்கிட்டா? அந்த இழுப்புலதான் செலவாச்சோ?"

அப்பா மறுபடி கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, பலகையின் மேல் உள்நோக்கி ஒரு அம்புக்குறி போட ஆரம்பித்தாள்.